யார் கொடுத்த விலை

தேர்தல் வந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று: "சாமி கும்பிடுறது அவங்கவங்க வீட்டோட இருக்கட்டும். அதை ஏன் அரசியலுக்குள்ள கொண்டாறீங்க?" இன்னொன்று, அதற்குப் பதிலாக வருவது: "அப்போ என் விசுவாசத்தைச் செருப்பு மாதிரி வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வரணுமா?" கடலோரக் கிறிஸ்தவ ஊர்களில் இரண்டாவது வாக்கியத்துக்குச் சூடு கொஞ்சம் அதிகம். பங்குச்சாமியார் ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் வெளியே இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பேசாவிட்டால் சொந்தப் பங்கு மக்களே கோபித்துக்கொள்வார்கள்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கடவுள் முன்னால் சரி என்று நம்புகிற ஒன்றை, சட்டசபை நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிடு என்று யாரிடமும் கேட்க முடியாது. அப்படி மறக்கத் தெரிந்தவரை நம்பி ஓட்டுப் போடுவதும் கஷ்டம்தான். ஆனால் அவருடைய கடவுளை நம்பாத பக்கத்து வீட்டுக்காரர், அந்த நம்பிக்கையின் பெயரால் தன் வாழ்க்கை மாற்றப்படுவதை எதற்காக ஏற்க வேண்டும்? வழக்கமாக விவாதம் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

நின்ற இடத்திலிருந்து நகர, ராமநாதபுரம் கடற்கரையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஐந்து நூற்றாண்டுகளாக இங்கே கிறிஸ்தவமும் அதிகாரமும் பல விதங்களில் சந்தித்திருக்கின்றன. அதிகாரத்தின் தோளில் ஏறி வந்திருக்கிறது கிறிஸ்தவம். அதிகாரத்தின் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்திருக்கிறது. இரண்டு நாடுகளின் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவும் இடம் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த விசுவாசத்துக்கான விலையைக் கொடுத்தது யார்?

வேதாளை, 1549

மண்டபத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது வேதாளை. நிலம் ஒடுங்கிக்கொண்டே போய் இரு பக்கமும் கடல் நெருங்கி வருகிற பகுதி. தரைவழியாக ராமேஸ்வரம் போகிற யாரும் இந்தக் குறுகலைத் தாண்டித்தான் போக வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே ஒரு சிறு கோட்டை வைத்திருந்தார்கள்.

அவர்கள் இங்கே எப்படி வந்தார்கள்? 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், முத்துக்குளிப்பை ஒட்டி முஸ்லிம் வணிகர்களோடு ஏற்பட்ட மோதலில் நசுங்கி, கொச்சியில் இருந்த போர்த்துக்கீசியரிடம் உதவி கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது, கூடவே ஞானஸ்நானமும். சில வருடங்களுக்குள் கரையோரத்தில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். 1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது, அவர்களுக்கு அடிப்படை ஜெபங்களைக்கூட யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து என்றால் நீட்டப்படுகிற கையை யாரும் பிடிப்பார்கள். பிற்பாடு அந்த மக்கள் அந்த விசுவாசத்தைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்து, அவர்களைப் புராட்டஸ்டன்ட் ஆக்கப் பார்த்தபோது மசியவில்லை. பாதுகாப்புக்காக வந்த மதத்தை, பாதுகாப்பு போன பிறகும் விடாமல் வைத்திருந்தார்கள். அங்கே விலை கொடுத்தவர்கள் அவர்களே.

வேதாளைக் கோட்டையில் நடந்தது வேறு கதை. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தளபதி, ராமேஸ்வரம் போகும் வழியில் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டி, யாத்திரிகர்களிடம் சுங்கம் கேட்டார். காசு கொடுத்தால்தான் ராமநாதரைப் பார்க்கலாம் என்ற நிலை. விளைவு 1549ல் வந்தது. வடுகப் படை கோட்டையைத் தாக்கியது. சமாளிக்க முடியாமல் தளபதியும் வீரர்களும் படகேறித் தப்பினார்கள். கரையில் மாட்டிக்கொண்டவர்கள், எந்தச் சுங்கத்திலும் பங்கு வாங்காத உள்ளூர்க் கிறிஸ்தவர்கள். அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குருவும் அன்று அங்கே இருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவரும் படகேறியிருக்கலாம். ஏறாமல் பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். இயேசு சபையின் முதல் ரத்தசாட்சி என்று அவரைச் சொல்கிறார்கள்.

தளபதியும் குருவும் ஒரே மதம். இருவருடைய கழுத்திலும் ஒரே சிலுவைதான் தொங்கியிருக்கும். ஒருவர் தன் ஆட்சியின் செலவை இன்னொரு கடவுளைத் தேடி நடந்து வந்தவர்கள் தலையில் கட்டினார். இன்னொருவர் தன் நம்பிக்கையின் செலவைத் தானே கட்டினார். 'கிறிஸ்தவ விசுவாசம் பொதுவாழ்வில் இருக்கலாமா' என்று மொத்தமாகக் கேட்டால் இந்த இரண்டு பேரும் ஒரே பதிலுக்குள் மாட்டிக்கொள்வார்கள். யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் பிரிகிறார்கள்.

சவேரியாரிடமே இந்தக் குழப்பம் இருந்தது. கரையோரப் போர்த்துக்கீசிய அதிகாரிகள் புதுக் கிறிஸ்தவர்களைக் கொள்ளையடிப்பதைப் பற்றி மனம் கொதித்துக் கடிதங்கள் எழுதியவர் அவர். அதே சவேரியார், மதம் பரப்புவதை ஆளுநர்களின் கடமையாக ஆக்குங்கள் என்று போர்த்துக்கல் மன்னருக்கும் எழுதினார். எந்தக் கை திருடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையிலேயே நற்செய்தியையும் கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர்களுக்கும் அதிகாரம் இப்படித்தான் ஆசை காட்டும்: "நீ நல்லதுதானே செய்யப்போற, என்னையும் கூட்டிக்கோ."

ஓரியூர், 1693

வேதாளையைப் புரிந்துகொள்வது எளிது, அங்கே வில்லன் தெளிவாகத் தெரிகிறான். ஓரியூர் அப்படி இல்லை.

திருவாடானைப் பக்கம் இருக்கிற ஓரியூரின் செம்மண்ணைத் தெரியாதவர்கள் இந்தப் பகுதியில் குறைவு. 1693 பிப்ரவரி 4 அன்று ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தர் இங்கே தலை வெட்டப்பட்டார். அவர் ரத்தம் பட்டு மண் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. கிறிஸ்தவர்கள் மட்டுமில்லாமல் மற்றவர்களும் நேர்த்திக்கடனோடு வருகிற இடம்.

பிரிட்டோ அதிகாரத்தை அறியாதவர் இல்லை. 1647ல் லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். அதையெல்லாம் விட்டு மதுரை மிஷனுக்கு வந்தார். காவி கட்டி, மரக்கறி உண்டு, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686ல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லி கிழவன் சேதுபதி அவரை விடுதலை செய்தார். இடையில் ஐரோப்பா போன பிரிட்டோவை, கூட வளர்ந்த இளவரசர், அப்போது மன்னர், அங்கேயே இருந்துவிடச் சொன்னார். பிரிட்டோ கேட்கவில்லை. திரும்பி வந்தார், அதே மறவர் சீமைக்கு.

அங்கே தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர். சேதுபதி பட்டத்துக்கு உரிமை கோரக்கூடிய வழியில் வந்தவர். தீராத நோயில் கிடந்தவர் கிறிஸ்தவ ஜெபத்தால் குணமானதாக நம்பி ஞானஸ்நானம் கேட்டார். பிரிட்டோ ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரே மனைவியோடுதான் வாழ வேண்டும். தடியத்தேவர் ஒப்புக்கொண்டார். முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களின் பராமரிப்புக்கு வழி செய்ததாகவும் சொல்கிறார்கள். விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் நேராகச் சேதுபதியிடம் போய் முறையிட்டார். 1693 ஜனவரியில் பிரிட்டோ கைது செய்யப்பட்டார். சேதுபதியின் தம்பி உடையத்தேவரின் பொறுப்பில் இருந்த ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, அங்கே கொல்லப்பட்டார்.

பெயர் யோவான், திருமண விவகாரம், தலை வெட்டு. பைபிள் தெரிந்தவர்களுக்கு ஸ்நானக யோவான் ஞாபகம் வராமல் இருக்காது. அந்த ஒப்புமையைக் காலங்காலமாகச் சொல்லியும் வருகிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லும்போதே ஏரோதியாளின் வேஷம் கடலாயிக்குப் போய்விடுகிறது. இது சரியா?

ஏரோதியாள், தன் சமூகத்தின் சட்டமே தப்பென்று சொன்ன ஒரு திருமணத்தைக் காப்பாற்றப் பார்த்தவள். கடலாயியோ தன் சமூகத்தின் முறைப்படி மணமானவர். ஒருநாள் கணவனின் மனசாட்சி மாறியது. மறுநாள் அவர் மனைவி இல்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அன்றைய மறவர் சீமையில் ஒரு பெண்ணுக்கு மனைவி என்ற இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிக்க வேண்டும். 1710ல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று சொல்கின்றன வரலாறுகள். அந்தக் கொடூரமான உலகத்தில் ஒரு பெண்ணின் மதிப்பு, பாதுகாப்பு, எதிர்காலம் எல்லாமே அந்த ஒரு உறவில்தான் இருந்தது. அது போனதும் அவர் தட்டக்கூடிய ஒரே கதவு பிறந்த வீட்டு உறவான அரசனுடையது. தட்டினார்.

ஒருதார மணம் நல்ல விதி இல்லையா? நல்ல விதிதான், பெண்களுக்கும் நல்ல விதிதான். தடியத்தேவர் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு தலைவரின் மனசாட்சி அவருடைய தனிச் சொத்தாக இருப்பதில்லை என்பதை ஓரியூர் காட்டுகிறது. அவர் மனம் மாறினால் வீடு மாறுகிறது, உறவு மாறுகிறது, வாரிசுக் கணக்கு மாறுகிறது. சேதுவைக் காப்பவர் என்பதே சேதுபதி என்ற பட்டத்தின் பொருள். ராமேஸ்வர யாத்திரையைக் காப்பதில்தான் அந்த அரியணையின் பெருமை. பட்டத்துக்கு உரிமை கோரக்கூடியவர் வேறு சாமியிடம் போவதைக் கிழவன் சேதுபதி ஒரு தனிமனிதனின் ஆன்மிக விஷயமாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதற்காக ஒரு துறவியின் தலையை வெட்டியதை நியாயப்படுத்தவும் முடியாது. பயந்த அரசு செய்கிற காரியம் அது.

பிரிட்டோ தன் விலையைக் கடைசிக் காசு வரை தானே கொடுத்தார். சிறையில் மையில்லாமல் கரியைத் தண்ணீரில் கரைத்து எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் தன் மரணத்துக்குத் தயாராகத்தான் இருந்தார். 1947ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு முன்பே, கேட்கப்படாமலே, அந்த மனமாற்றத்துக்கு விலை கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவருக்குப் பொறாமைக்காரி என்ற பெயர்தான் மிஞ்சியது. விசுவாசத்தோடு ஆட்சிக்கு வருகிற எவரும் பிரிட்டோவை நினைப்பதுபோல் கடலாயியையும் நினைக்க வேண்டும்.

அரசு கேட்கிற விலை

இந்தக் கேள்வியை அரசைப் பார்த்தும் கேட்க வேண்டும். மதச்சார்பற்ற அரசு என்று சொல்லிக்கொண்டே ஒரு நம்பிக்கைக்கு விலைச்சீட்டு ஒட்ட முடியும்.

அரசமைப்பின் 25ஆம் பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினராக இருக்க ஒருவர் இந்துவாக இருக்க வேண்டும். 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியேதான். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கு இதைத்தான் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, அவர் கிறிஸ்தவர் என்பதால் கிடைக்கவில்லை. தொழில் அதே தொழில், தெரு அதே தெரு, பார்க்கிறவர் பார்வையும் அதே பார்வை. 1985ல் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

2002 அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது கதை இன்னொரு பக்கம் திரும்பியது. மதம் மாற்றும் குரு மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் தர வேண்டும். மாறுகிறவர் பெண்ணாகவோ தலித்தாகவோ பழங்குடியாகவோ சிறாராகவோ இருந்தால் தண்டனை கூடுதல். பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். ஆனால் வளர்ந்த ஒரு பெண்ணையும் வளர்ந்த ஒரு தலித்தையும் குழந்தைகளின் வரிசையில் நிறுத்தியது அந்தச் சட்டம். தனக்கென்று முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். கடலாயியிடம் அவர் கணவர் கேட்கவில்லை. இவர்களிடம் அரசு கேட்கவில்லை. 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு சட்டத்தை விலக்கிக்கொண்டது.

இங்கே திருச்சபையும் தப்பிக்க முடியாது. சூசை வழக்கில் கேட்ட அந்த ஆதாரம் வேறெங்கும் இல்லை, நம்ம கல்லறைத் தோட்டங்களிலேயே இருந்தது. சாதிக்கொரு கல்லறை, சாதிக்கொரு திருவிழா மரியாதை என்று தென் மாவட்டங்களில் எத்தனை ஊர்களில் தலித் கிறிஸ்தவர்கள் போராடியிருக்கிறார்கள்! அரசிடம் சமத்துவம் கேட்டு மனுக்கொடுக்கிற சபை, தேரை எந்தத் தெரு வழியாக இழுப்பது என்பதில் அதைக் கடைப்பிடிக்காவிட்டால், அந்த மனுவின் விலையைத் தன் மக்களில் கடைசியில் நிற்பவர்கள் தலையில் கட்டுகிறது என்று அர்த்தம். வேதாளைச் சுங்கத்துக்கு இது தூரத்து உறவு.

கச்சத்தீவு, 2024

அப்படியானால் விசுவாசம் பொதுவாழ்வில் எப்படி நியாயமாக நிற்க முடியும்? இதே கடலில் ஒரு உதாரணம் இருக்கிறது.

கச்சத்தீவு சுமார் 285 ஏக்கர். குடிநீர் இல்லை, குடியிருப்பு இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்து மீனவர் ஒருவர் கட்டியதாகச் சொல்லப்படும் அந்தோணியார் கோயில் மட்டும் உண்டு. ஒவ்வொரு தவக்காலத்திலும் ராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகுகளில் சனம் போகும், அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் வரும். சிலுவைப்பாதை, தேர், மறுநாள் காலையில் திருப்பலி. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனது. ஆனால் அதன் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்புபோல் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் தீவுக்கு வந்துபோகலாம் என்றது. இரண்டு அரசுகள் எல்லைக்கோடு போட்டபோது, மீனவர்களின் திருவிழா ஒன்று அந்தக் கோட்டில் ஒரு வாசலை மிச்சம் வைத்தது. போர்க்காலத்தில் அந்த வாசல் பல வருடம் அடைபட்டுக் கிடந்து, பிறகு திறந்தது.

2024 பிப்ரவரியில், எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட விசைப்படகு ஓட்டுநர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. ராமேஸ்வரம் மீனவர்கள் அந்த வருடத் திருவிழாவுக்கே போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கிளம்பக் காத்திருந்த படகுகள் துறைமுகத்திலேயே நின்றன.

பக்தியை அரசியலாக்கிவிட்டார்கள் என்று ஒருவர் சொல்லலாம். ஆமாம், அரசியல்தான். திருவிழாவையே எதிர்ப்பின் மொழியாக மாற்றினார்கள். ஆனால் இழந்தது யார்? வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் அந்தோணியார் தரிசனத்தை அவர்களே இழந்தார்கள். வேறு யாருடைய கோயிலையும் அடைக்கவில்லை, வேறு யாருடைய யாத்திரையையும் மறிக்கவில்லை. 1549ல் இன்னொருவரின் யாத்திரையின் குறுக்கே பள்ளம் வெட்டப்பட்ட இடத்திலிருந்து இது ஒன்றும் அதிக தூரமில்லை. 475 வருடம் கழித்து, அதே கடலோரத்தில், கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்த யாத்திரையை நிறுத்தி நியாயம் கேட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி போனார்கள்.

தெற்கே இடிந்தகரையில் 2011லிருந்து கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக லூர்து மாதா கோயில் வளாகத்துப் பந்தலில் நடந்த போராட்டத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். அணுஉலை வேண்டுமா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். சபை அரசியல் செய்கிறது என்று அப்போது பலர் சொன்னார்கள். ஆனால் பந்தலில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள், தேசத்துரோக வழக்குகள் பாய்ந்ததும் அந்தக் கடலோரத்து ஆயிரக்கணக்கானவர்கள் மீதுதான்.

ஒரு எதிர்வாதம் உண்டு. தானே விலை கொடுப்பதால் மட்டும் ஒருவர் சொல்வது சரியாகிவிடுமா? தப்பான காரியத்துக்கு உயிரைக் கொடுத்தவர்கள் எல்லா மதத்திலும் இல்லையா? இருக்கிறார்கள். ஆகவே இது ஒரு கருத்து சரியா தப்பா என்று சொல்லும் அளவுகோல் இல்லை; அதற்குத் தனியாக வாதாட வேண்டும், நம்பாதவருக்கும் புரிகிற மொழியில். இந்தக் கேள்வி அதற்கு முந்தைய படி. உன் கடவுள் சொன்னதை ஊருக்குள் கொண்டுவா, யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதன் செலவில் முதல் பங்கு உன்னுடையதா என்று காட்டு. உன்னைத் தவிர வேறு யாராவது கொடுக்க வேண்டி வருகிறதா? வந்தால், அவர்களிடம் கேட்டாயா?

கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கிற நாட்டில், தளபதியாக மாறும் வாய்ப்பு இன்று அவர்களுக்குப் பெரிதாக இல்லை. அதனால் இந்தக் கேள்வி பெரும்பான்மை மதத்தின் பெயரால் ஆள்பவர்களைத்தான் முதலில் உறுத்த வேண்டும். ஆனால் ஒரு பள்ளி நிர்வாகத்திலோ, ஊராட்சித் தலைவர் பதவியிலோ, பங்குப் பேரவையிலோ, சொந்த வீட்டிலோ சிறிய அளவில் சேதுபதியாகவும் தடியத்தேவராகவும் இருக்கிறவர்கள் நம்மில் நிறைய. அங்கே மனசாட்சி பேசும்போது, பக்கத்தில் ஒரு கடலாயி நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவது நல்லது.